யப்பானிற் கண்ட ஒல்லாந்து

மேசை லாச்சியை இழுத்துப் பேனையைத் தேடுகிறோம். "தம்பி, அப்பா இன்னும் கந்தோரால் வரவில்லையா?" என்று அயலவர் வினவுகிறார். காணி உறுதி முடிப்பதற்கு நொத்தாரிசிடம் செல்கிறோம். இம்மூன்று வேளைகளிலும் நமது நாவில் நடமாடுவது ஒல்லாந்தர் மொழி என்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை. லாச்சி, கந்தோர், நொத்தாரிசு ஆகிய மூன்றும் அவர்கள் இந்நாட்டில் விட்டுச் சென்ற சொற்கள். அவர்தம் கொடி இறங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சொற்களோ நம் வீட்டுத் தளபாடங்களோடு தளபாடங்களாய் இருந்துவிட்டன.

கிழக்குக் கரையில் வாழும் நமக்கு இவ்வுறவு சற்றுக் கூடுதலாகவே உண்டு. ஒல்லாந்தக் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வந்து நங்கூரமிட்டது மட்டக்களப்புக் கரையிலேயாம். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடி, 1638இல் அவர்கள் போர்த்துக்கேயரிடமிருந்து முதலிற் கைப்பற்றியதும் புளியந்தீவிலுள்ள மட்டக்களப்புக் கோட்டையே. பாண்டிருப்பிலிருந்து நாற்பது கிலோமீற்றருக்குள் அது இருக்கின்றது. பள்ளிப் பருவத்தில் எம் ஆசிரியர் அதன் மதிலைக் காட்டி ஆண்டுகளைச் சொல்லித் தந்தார். பின்னர் ஆசிரியராகிய நாமும் எம் மாணவர்க்கு அவ்வாறே சொல்லித் தந்தோம். ஆகவே, ஒல்லாந்தர் என்றதும் எம் மனக்கண்ணில் எழுவன மதிலும் பீரங்கியும் வரியுமே.

2008ஆம் ஆண்டு வசந்த காலத்தில், பயிற்சியொன்றின் பொருட்டு யப்பானின் புக்குவோக்கா நகரிற் சில வாரங்கள் தங்கியிருந்தோம். அந்நாட்டின் மேற்குக் கரையோரத்தில் ஓர் ஒல்லாந்து நகரத்தையே கட்டி எழுப்பியிருக்கிறார்கள் என்றும், மக்கள் குடும்பங் குடும்பமாய் அங்கே சென்று விளையாடி மகிழ்கிறார்கள் என்றும் அப்பொழுது கேள்வியுற்றோம். எமக்கு வியப்பு மேலிட்டது. ஒல்லாந்தரை வைத்து விளையாடவுங் கூடுமோ? அதைப் பார்த்தே தீர்வதென முடிவு செய்தோம். உடன் பயின்றோர் கடைத்தெருவை நாடிச் செல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாம் தனியே புகையிரதம் ஏறினோம். பத்திரிகை வழக்கையொட்டி 'நாம்' என்று பன்மையில் எழுதுகிறோமேயன்றி, சென்றவர் ஒருவரே என்பதை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். அன்று எமக்கு நேர்ந்த சில்லறைச் சங்கடங்கள் யாவும் அந்த ஒருமையினால் விளைந்தவையே.

அப்பூங்காவின் பெயர் ஹௌஸ் டென் பொஸ். 'காட்டிலுள்ள வீடு' என்பது அதன் பொருள். நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள அரச மாளிகையொன்றின் பெயரை இதற்கு இட்டிருக்கிறார்கள். நாகசாகி மாகாணத்துச் சாசெபோ நகரின் எல்லைக்குள், 152 ஹெக்டேயர் நிலத்தில் அமைந்த இப்பூங்கா 1992 மார்ச் 25ஆம் நாள் திறக்கப்பட்டது. ஒல்லாந்து சென்று அதன் ஊர்களைக் கண்டு மனம் பறிகொடுத்த காமிச்சிக்கா யோஷிகுனி என்பவரே இதனை முன்னின்று உருவாக்கியவர். கடலைத் தூர்த்துத் தொழிற்பேட்டைக்கென ஆக்கப்பட்டு, வாங்குவாரின்றிக் கிடந்த நிலம் அது. உப்பேறிய அம்மண்ணைப் பண்படுத்தி நான்கு இலட்சம் மரங்களை நட்டு, ஆறு கிலோமீற்றர் நீளத்துக்குக் கால்வாய்களை வெட்டி, நெதர்லாந்திலிருந்து செங்கற்களைத் தருவித்து நகரை எழுப்பினார்கள்.

புகையிரத நிலையத்தில் இறங்கினால் எதிரே ஒரு கடற்கால் ஓடுகிறது. பாலத்தைக் கடந்தால் அப்பால் வேறு நாடு! கூர்ங்கூரைச் செங்கல் வீடுகள் கால்வாயின் இரு மருங்கும் தோளோடு தோளுரசி நிற்கின்றன. காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றின் அடியில் மஞ்சளும் சிவப்புமாய்த் தியூலிப் பூக்கள், வயலில் நாற்று நட்டாற்போல வரிசை பிசகாமற் பூத்திருக்கின்றன. ஊட்ரெக்ட் நகரின் பழைய தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துக் கட்டிய கோபுரமொன்று 105 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. மூலக் கோபுரமோ 112 மீற்றர். ஏழு மீற்றர் குறைத்துக் கட்டியது குருவுக்குச் சீடன் காட்டும் அடக்கம் போலும் என எண்ணிக்கொண்டோம்.

ஆனால் மாளிகையின் பின்புறத்திலுள்ள தோட்டத்தில் அவ்வடக்கம் இல்லை. ஹேக் நகரத்து மாளிகைக்கென 18ஆம் நூற்றாண்டில் தானியேல் மாறோ என்னுங் கலைஞர் தோட்டமொன்றை வரைந்திருந்தார். அங்கே அது நிறைவேறவில்லை. அந்த வரைபடத்தைத் தேடியெடுத்து யப்பானியர் தம் மண்ணில் நிறைவேற்றிவிட்டார்கள். மூலத்தில் இல்லாத ஒன்று பிரதியில் இருக்கும் விந்தையை நாம் கண்டது அங்கேதான்.

தனிவழிப் பயணியின் பாடு இத்தகைய இடத்திற் சற்றுச் சிரமமானது. சுழல் வண்டிகளில் இருக்கைகள் இரண்டிரண்டாகவே உள்ளன. பக்கத்து இருக்கையில் எமது குடை அமர்ந்து வந்தது. உணவுச்சாலை வாயிலில் நின்ற பெண், எமக்குப் பின்னால் எவரேனும் வருகிறார்களா என எட்டிப் பார்த்துவிட்டு, ஒற்றை விரலை உயர்த்தி 'ஒருவரா?' எனக் குறிப்பாற் கேட்டார். நாமும் ஒற்றை விரலை உயர்த்தினோம். ஒரு குடும்பம் தம்மைப் படம்பிடித்துத் தருமாறு கருவியை எம் கையில் தந்தது. அதைக் கண்ட இன்னொரு குடும்பம் வந்தது. பிறகு ஒரு புதுமணத் தம்பதியர். காற்றாலையடியில் அரை மணி நேரம் நாம் ஊதியமில்லாத புகைப்படக்காரராய்ப் பணிபுரிந்தோம். தனியே வந்தவனுக்கு எல்லாக் குடும்பத்திலும் அரைப் பங்கு உறவு கிடைக்கும் என்பதை அன்று கண்டோம்.

அந்நாட்களிற் பூங்காவின் நிலையும் நலிவுற்றே இருந்தது. கட்டிய செலவின் பாரந் தாங்காமல் 2003இல் அது முறிந்து, வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. பின்னாளில் 2010இலும் 2022இலும் மீண்டும் கைமாறிற்று. நாம் சென்ற நாளில் ஞாயிறாயிருந்தும் சில தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. பூக்களுக்கு மட்டும் குறைவில்லை.

மாளிகைப் படியில் அமர்ந்து, புறப்படும்போது எழுந்த வினாவை மறுபடி எண்ணிப் பார்த்தோம். ஒல்லாந்தரை வைத்து இவர்கள் விளையாடுவது எங்ஙனம்? விடை நாகசாகித் துறைமுகத்தில் இருக்கிறது. அங்கே 1636இற் கட்டி முடிக்கப்பட்ட தெஜிமா என்னும் விசிறி வடிவான செயற்கைத் தீவு ஒன்றுண்டு. 1641 முதல் நெடுங்காலமாக ஒல்லாந்தக் கம்பனியார் அத்தீவுக்குள்ளேயே வாழ்ந்தார்கள். கரைக்குச் செல்ல ஒரேயொரு பாலம். அதன் வாயிலிற் காவல். தீவுக்கு அவர்கள் வாடகை செலுத்தினார்கள். அவர்தம் தலைவர் ஆட்சியாளரை வணங்குவதற்காக எடோ நகர்வரை பயணஞ் செய்ய வேண்டியிருந்தது. அதே கம்பனி, அதே நூற்றாண்டில், நம் கரையிற் கோட்டை கட்டி ஆண்டுகொண்டிருந்தது! யப்பானுக்கு ஒல்லாந்தர் குடியிருக்க வந்தவர். நமக்கோ அவர் ஆள வந்தவர். வாசற் சாவியைத் தன் மடியிலே வைத்திருந்தவனுக்கு விருந்தாளியின் நினைவு விளையாட்டாகலாம். எமக்கு அது சற்றுக் கடினமே. இவ்வெண்ணத்தோடு எழுந்து, பூங்காவின் தனிச் சிறப்பென்று சொல்லப்பட்ட காட்சியொன்றைக் காணச் சென்றோம்.

அது ஓர் அரங்கு. ஒல்லாந்து ஊரொன்றைப் பெருவெள்ளம் தாக்குவதை மெய்யான நீரைக்கொண்டே அங்கு நடித்துக் காட்டினார்கள். 800 தொன் நீர் பயன்படுவதாகச் சொன்னார்கள். அதை அறிந்தே நுழைவுச்சீட்டை நீட்டினோம். நம் பிள்ளைகள் வாய்க்காலில் ஓலைப்படகு விடுவது போன்ற ஏதோ ஒன்றென்றே மனம் எண்ணியிருந்தது.

விளக்குகள் அணைந்தன. காற்று எழுந்தது. இடி முழங்கியது. பிறகு நீர் வந்தது.

நீரின் ஓசையை அறியாதவர் அதைச் 'சலசல' என்றும் 'கலகல' என்றும் எழுதுவர். பெருவெள்ளம் அவ்வாறு பேசுவதில்லை. நூறு லொறிகள் ஒருங்கே கல்லைக் கொட்டுவது போன்ற ஓசை அது. சுற்றியிருந்த பிள்ளைகள் கூவிக் கைதட்டினார்கள். நாம் இருக்கையின் கைப்பிடியைப் பற்றியிருந்தோம். அந்த ஓசையை நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம்.

2004 டிசெம்பர் 26. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போயா நாள். காலை ஏழு மணியளவிற் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி பிளந்தது. இடையிலே ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் கடல். எம் கரையில் ஒரு சுவரும் அசையவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அலை வந்துகொண்டிருந்தது. எவருக்கும் அது தெரியாது. கரைவலை இழுப்போர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். முதலிற் சிறியதாய் ஒரு நீர்ப்பெருக்கு வந்து ஒழுங்கையை நனைத்துத் திரும்பியது. பின்பு கடல் உள்வாங்கியது. எந்நாளும் காணாத கடலடி மணல் வெளிப்பட்டது. மீன்கள் துள்ளின. பிள்ளைகள் அவற்றைப் பொறுக்க ஓடினார்கள்.

எம் சின்னம்மாவின் வீடு கடற்கரையிலிருந்து மூன்றாவது வளவு. "கடல் வற்றிப் போச்சாம், வாங்க பார்ப்பம்" என்று பக்கத்து வீட்டாரை அழைத்துக்கொண்டு அவர் போனாராம். உயிரோடு மீண்ட ஒருவர் பின்னர் எமக்குச் சொன்னது இது. அவரை நாம் மறுபடி காணவில்லை. பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனைக்குடி எங்கும் மக்கள் மேற்கே வயலை நோக்கி ஓடினார்கள். யார் எவ்வூரார், எந்தச் சமயத்தார் என்று கேட்க அங்கே நேரமிருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் அன்று போயின. இலங்கையில் இவ்வளவு பெரிய இழப்பைக் கண்ட மாவட்டம் வேறில்லை.

அரங்கில் விளக்கு எரிந்தது. எமக்கு அடுத்து ஒரு மூதாட்டி தம் பேரனோடு இருந்தார். எம் கைகள் நடுங்குவதை அவர் கண்டிருக்க வேண்டும். தமக்குத் தெரிந்த இரண்டொரு ஆங்கிலச் சொற்களால் எந்நாட்டவரென வினவினார். "ஸ்ரீலங்கா" என்றோம். அவர் முகம் மாறிற்று. "சுனாமி" என்றார், மிக மெல்ல. பிறகு தலை தாழ்த்தினார்.

அவர் மொழியில் எமக்குத் தெரிந்த சொல்லும், எம் மொழியில் அவருக்குத் தெரிந்த சொல்லும் அந்த ஒன்றே. 'சு' என்றால் துறைமுகம். 'நாமி' என்றால் அலை. 2004இன் அந்த ஞாயிறுக்கு முன்பு பாண்டிருப்பில் எத்தனை பேர் அச்சொல்லைக் கேட்டிருப்பர்? மறுநாட் காலையில் எழுத்தறியாத கிழவியரும் அதை உச்சரித்தார்கள். லாச்சியும் கந்தோரும் நம் நாவில் ஊன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு ஆட்சி வேண்டியிருந்தது. இச்சொல்லுக்கு ஒரு காலைப்பொழுது போதியதாயிற்று.

வெளியே வந்ததும் மூதாட்டி ஓர் இனிப்பை எம் கையில் வைத்தார். பின்பு பேரனை நிறுத்தி, புகையிரத நிலையத்துக்கு அப்பாலுள்ள மேட்டை விரலாற் சுட்டி ஏதோ சொன்னார். சிறுவன் தானும் அதே மேட்டைச் சுட்டி ஒரு வார்த்தையைத் திருப்பிச் சொன்னான். மொழி புரியாவிடினும் பாடம் எமக்குப் புரிந்தது. நீர் வந்தால் எங்கே ஓடுவது என்பதே அது. காட்சி தந்த களிப்பு அடங்குமுன் அதற்குரிய பொருளை அவர் பேரனுக்கு ஊட்டிவிட்டார்.

வெள்ளத்தை விளையாட்டாக்கலாமா என்று அரங்கினுள் எமக்கெழுந்த சினம் அவ்விடத்திலே தணிந்தது. திரும்பும் புகையிரதத்தில் வேறொன்றை எண்ணினோம். எமது ஊரும் ஆண்டுதோறும் வேறோர் ஊராக மாறுவதுதானே! பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீப்பள்ளயம் பதினெட்டு நாள் நடக்கும்பொழுது எமது தெருக்களே பாரதத்தின் களமாகின்றன. பாண்டவர் இருப்பே பாண்டிருப்பு ஆயிற்று என்பது ஊர்வழக்கு. நேற்றுவரை வயலில் நின்ற ஒருவர் விரதம் பூண்டு வீமனாகிறார்; இன்னொருவர் அருச்சுனனாகித் தவநிலைக்குச் செல்கிறார். வனவாசம் வீதிவழியே போகிறது. முடிவிலே தீமிதிப்பு. பாரதத்தை ஏட்டிற் படியாத பிள்ளைக்கும் எமதூரிற் கதை தெரியும். அழிவையும் வஞ்சத்தையும் போரையும் நடித்தே நினைவில் வைத்திருக்கும் மக்களுக்கு, யப்பானியர் வெள்ளத்தை நடித்ததில் வியக்க என்ன இருக்கிறது? நடிப்பினால் நினைவு இழிவதில்லை. பின்வருவோர்க்குச் சொல்லாமல் விட்டாலே இழிகிறது.

ஒல்லாந்தர் இதனை நன்கறிந்தவர். அவர்தம் நாட்டின் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. 1953 பெப்ரவரி முதலாம் நாள், ஒரு ஞாயிறு விடியலில், வடகடல் அணைகளை உடைத்து உட்புகுந்து 1,836 பேரைப் பலிகொண்டது. அவர்கள் அழுததோடு நிற்கவில்லை. டெல்ரா வேலைகள் எனப்படும் அணைகளையும் மதகுகளையும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துக் கட்டினார்கள். நம் கரையில் அவர்கள் விட்டுச் சென்றவை கோட்டையும் சில சொற்களும். கடலோடு வாழும் கலையை எவரும் நமக்கு விட்டுச் செல்லவில்லை. நாமும் கேட்டுப் பெறவில்லை.

அணை கட்டப் பெரும்பொருள் வேண்டும் என்பது மெய்யே. ஆனால் உயிரைக் காக்கப் பல வேளைகளிற் கதையொன்றே போதுமாயிருந்திருக்கிறது. யப்பானின் கீ கரையிலுள்ள ஹிரோ என்னும் ஊரை 1854இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. ஹமகுச்சி கோரியோ என்பவர் இருளில் வழிதெரியாது தத்தளித்தோர்க்கு மேட்டைக் காட்டுவதற்காக வைக்கோற் போர்களுக்குத் தீயிட்டார். பின்னர் தம் பொருளைச் செலவிட்டு ஊருக்கு ஓர் அணையும் கட்டுவித்தார். அவர் வரலாற்றையொட்டிய கதை யப்பானியப் பள்ளிப் பாடநூலிலும் 1937 தொடக்கம் பத்தாண்டு இடம்பெற்றது. அவ்வூரில் 1903 முதல் நடைபெற்றுவரும் விழாவிற் பிள்ளைகள் மண் சுமந்து அவ்வணையில் இடுகிறார்கள். அவர் தீயிட்ட நிகழ்ச்சியின் நினைவாகவே நவம்பர் 5ஆம் நாளை உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2015இல் அறிவித்தது.

இன்னும் வியப்பானது சுமாத்திராவை அடுத்த சிமெலு தீவின் வரலாறு. 1907இல் அங்கே பேரலை பலரை விழுங்கியது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மொங்' என்று பெயரிட்டு, பேரப் பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்தார்கள். பூமி பலமாய் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004இற் பிளந்த கடலடிக்கு மிக அண்மையிலிருந்த தீவு அது. ஏறத்தாழ 78,000 மக்களில் இறந்தோர் ஏழே பேர். அங்கே அணையுமில்லை, எச்சரிக்கை மணியுமில்லை. பாட்டிமார் இருந்தார்கள்.

நமக்குச் சொல் இல்லாமற் போகவில்லை. 'கடல்கோள்' என்னும் அருமையான சொல் நம்மிடம் இருந்தது. தலைச்சங்கமும் இடைச்சங்கமும் இருந்த நகரங்களைக் கடல் கொண்டது என்னும் மரபுரையிலும், பூம்புகாரின் அழிவைக் கூறும் மணிமேகலையிலும் அதைக் கற்றோம். ஆனால் கடல் உள்வாங்கினால் ஓடு என்னும் பாடம் அச்சொல்லோடு சேர்ந்து வரவில்லை. பரீட்சையில் இரண்டு புள்ளி பெற்றுத் தந்த சொல், சின்னம்மாவுக்கு உதவவில்லை.

அறிவு இருந்தாற் போதும், இழப்பே நேராது என்று நாம் கூறவில்லை. நாம் ஊர் திரும்பி மூன்று ஆண்டுகள் செல்ல, 2011 மார்ச் 11இல் யப்பானின் வடகீழ்க் கரையைப் பேரலை தாக்கியது. உலகில் எவரினும் கடலை நன்கறிந்த அந்நாட்டில், இறந்தோரும் காணாமற் போனோருமாகப் பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தார்கள். அணைகளையும் அலை தாண்டியது. ஆயினும் கமாயிஷி என்னும் நகரில், முன்கூட்டியே ஓடிப் பழகியிருந்த பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவாயிரவர் உயிர் தப்பினார்கள். மூத்த மாணவர் இளையோரின் கையைப் பிடித்து மேட்டுக்கு ஓடினார்களாம். அச்செய்தியைப் படித்த அன்று, அரங்கின் வெளியே விரல் நீட்டி நின்ற சிறுவனை நினைத்துக்கொண்டோம்.

நமது கரையும் ஓரளவு கற்றுக்கொண்டது. 2012 ஏப்ரல் 11இற் சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடியும் பெருநடுக்கம் நேர்ந்து எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, எவரும் கடலைப் பார்க்கப் போகவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே போனார்கள். பேரலை வரவில்லை. ஆனால் அன்று ஓடியவர்கள் 2004ஐக் கண்ணாற் கண்டவர்கள். இன்று பள்ளி வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் எவரும் அதைக் கண்டதில்லை. பாண்டவர் வனவாசம் அவர்களுக்குத் தெரியும். தம் பெற்றோர் ஓடிய ஓட்டம் தெரியாது. வீட்டிலே அதைப் பேசினாற் பெரியவர்கள் அழுவார்கள் என்று பிள்ளைகள் கேட்பதில்லை. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வதில்லை. இவ்விரு அன்பினிடையே பாடம் தொலைந்து போகலாம்.

ஆண்டுதோறும் டிசெம்பர் 26இல் நம் கரையெங்கும் விளக்கேற்றுகிறோம். ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் பிரார்த்திக்கிறோம். அது தகும். அதனோடு இன்னுமொன்று செய்யலாம் என்பதே எமது எண்ணம். விளக்கேற்றி முடிந்ததும் வீட்டுப் பிள்ளைகளைக் கையிற் பிடித்துக் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி நடப்போம். எந்த ஒழுங்கை பெருந்தெருவிற் போய் முட்டுகிறது, எந்த ஒழுங்கை மதிலோடு நின்றுவிடுகிறது, எங்கே மாடிக் கட்டடம் உண்டு, வயலை அடைய எத்தனை நிமிடம் செல்கிறது என்பவற்றைக் கால்களாலே கற்பிப்போம். பாட்டியைத் தூக்குவது யார், தம்பியின் கையைப் பிடிப்பது யார் என்பதையும் வழியிலேயே பேசி முடிவு செய்வோம். தீப்பள்ளயத்தில் வனவாசம் போக அறிந்த ஊருக்கு இந்த நடை ஒன்றும் புதிதன்று. சிறுவர்கள் இதை விளையாட்டாகவே எண்ணிச் சிரித்துக்கொண்டு நடக்கட்டும். சிரித்தபடி கற்றதைக் கால்கள் மறப்பதில்லை.

மாணவர்களுக்குத் தனியே ஒரு சொல். 'கடல்கோள்' எனப் பாடநூலிற் படிக்கும்போது, அதன் அருகில் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள்: "கடல் உள்வாங்கினாற் பார்க்கப் போகாதே, மேற்கே ஓடு." பரீட்சையில் அதற்குப் புள்ளி கிடைக்காது. ஆயினும் அதை எழுதி வையுங்கள். தம்பி தங்கையருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.